மைட்டோகாண்டிரியாவின் பூர்வீகம்: தீர்ந்ததும் தீராததும்

காசநோய்க் கிருமியை ஒடுக்கும் வல்லமை உடையதென்று 1943-இல் கண்டறியப்பட்டதும், சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் நிறுவப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1964-இல் வெளியிட்ட ஆய்வின் பயனாக, ஐசோனயாசிட் என்னும் மற்றொரு மருந்தோடு சேர்த்து வாரத்துக்கு இரண்டே முறை கொடுத்தாலும் குணம் தரும் என்று உறுதிப்பட்டதுமான ஸ்டிரெப்டோமைசின், எண்ணற்ற ஏழை நோயாளிகளுக்கு உயிர்ப்பிச்சை அளித்த அதே காலத்தில், அதை ஏற்றுக்கொண்டவர்களுள் சிலருடைய செவிப்புலனைப் பறித்துக்கொண்டும் போயிற்று. அந்தத் துரதிருஷ்டம் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதையும், அவ்வாறு தொடரும்போது தாயின் வழியாகவே இறங்குவதையும் பல நாட்டு மருத்துவர்கள் கவனித்தார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து மனிதனுடைய செவியைத் தீண்டுவானேன்? தீண்டினாலும், அந்தத் தீங்குக்கு ஆட்படும் இயல்பு தாய்வழிச் சொத்தாக வருவானேன்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே. ஒரு காலத்தில் சுயேச்சையாக வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் சந்ததி நம் உயிரணுக்களுக்குள் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அது தாயின் கருமுட்டையோடுதான் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. அதற்கு மைட்டோகாண்டிரியா என்று பெயர்.

இந்த விடை எவ்வாறு கிடைத்தது, அதில் ஐயமற நிரூபணமானது எவ்வளவு, இன்னும் அநுமானமாகவே நிற்பது எவ்வளவு என்பவற்றைப் பகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தீர்ந்துபோன பகுதியை இன்னும் தர்க்கத்துக்குரியதாகப் பேசுவதும், தீராத பகுதியைத் தீர்ந்துவிட்டதாகப் பாடம் சொல்வதும் மாணவர்களுக்கு ஒரே அளவு தீங்கு செய்வன. அன்றியும், இந்த வழக்கில் தீர்ப்பு கிடைத்தது பெரிய கற்பனைகளால் மட்டும் அன்று. யாரும் பொருட்படுத்தாத சின்னஞ்சிறு ஜீவன்களைப் பொறுமையோடு நோக்கி, வகைப்படுத்தி, எழுதி வைத்தவர்களின் உழைப்பாலேயே அது கிடைத்தது என்பதை எடுத்துச் சொல்லவும் விரும்புகிறேன்.

உயிரணுக்களின் இரு குலங்கள்

உலகத்து ஜீவராசிகளையெல்லாம் தாவரம், விலங்கு என்று இரண்டாகப் பிரிப்பதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. ஆனால் 1962-இல் ரோஜர் ஸ்டானியரும் வான் நீல் என்பவரும் பாக்டீரியா என்பது யாது என்று வரையறுத்து எழுதிய கட்டுரை, அதைவிட ஆழமான பிளவு ஒன்று உயிருலகில் இருப்பதைத் தெளிவாக்கியது. ஒரு புறத்தில், உட்கரு இல்லாமல், பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைச் சற்றே கடந்த அளவினவாய் உள்ள எளிய உயிரணுக்கள். மறுபுறத்தில், மரபுப் பொருளைத் தனி அறைபோன்ற உட்கருவில் வைத்து, உள்ளே புரத இழைகளாலான சட்டகமும், பல்வேறு தொழில் செய்யும் உள்ளுறுப்புகளும் அமையப்பெற்று, கனஅளவில் பல்லாயிரம் மடங்கு பெரியனவாக விளங்கும் சிக்கலான உயிரணுக்கள். மயிலைத் திருக்குளத்துத் தாமரையும், அதன் கீழே நீந்தும் மீனும், கரையில் நிற்கும் அரசமரமும், அதைச் சுற்றி வரும் மனிதனும் இந்த இரண்டாம் குலத்தைச் சேர்ந்தவர்களே. அமீபாவும், ரொட்டியில் பூக்கும் பூசணமும் அப்படியே. இரண்டு குலங்களுக்கும் நடுவே படிப்படியாக அமைந்த இடைநிலை உயிர்கள் இன்று காணப்படவில்லை என்பதுதான், உயிரின் வரலாற்றைக் கற்பவர்களை நெடுநாள் திகைக்க வைத்த செய்தி.

இரண்டாம் குலத்தின் உயிரணுக்கள் யாவற்றிலும், மிகச் சில விலக்குகள் தவிர, மைட்டோகாண்டிரியா அல்லது அதன் தேய்ந்த எச்சம் இருக்கிறது. நாம் உண்ணும் ஆகாரத்திலிருந்து பிரியும் எலக்ட்ரான்களைப் படிப்படியாகக் கைமாற்றி, இறுதியில் பிராணவாயுவிடம் ஒப்படைத்து, அந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் சக்தியைக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தன் உட்சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு இறைத்து, அவை திரும்பிப் பாயும் வேகத்தில் ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளைச் செய்து தருவது அதன் தலையாய தொழில். 1961-இல் பீட்டர் மிட்செல் இந்த விந்தையான வழிமுறையை முன்மொழிந்தபோது நம்பியவர்கள் சிலரே. 1978-இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. சவ்வின் இருபுறமும் அயனிகளைத் தேக்கி, அந்தத் தேக்கத்திலிருந்து சக்தி பெறும் இதே உபாயத்தைத்தான் பாக்டீரியாக்களும் கையாளுகின்றன என்பதை வாசகர் இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பழைய அநுமானங்களும் அவற்றின் தோல்வியும்

மைட்டோகாண்டிரியாவுக்குப் பாக்டீரியாப் பூர்வீகம் கற்பிப்பது புதிய எண்ணம் அன்று. 1890-இல் ரிச்சர்டு ஆல்ட்மன் என்ற ஜெர்மானியர், உயிரணுக்களுக்குள் சாயமேற்றிப் பார்த்த நுண்மணிகளைத் தனித்தனி ஜீவன்கள் என்றே கருதினார். 1898-இல் கார்ல் பெண்டா அவற்றுக்கு இன்று வழங்கும் பெயரை இட்டார். தாவர உயிரணுக்களில் ஒளியால் உணவு செய்யும் பசுங்கணிகங்களுக்கும், பாக்டீரியா இனத்தவையாகிய நீலப்பச்சைப் பாசிகளுக்கும் உள்ள ஒற்றுமையை 1883-இல் ஷிம்பர் சுட்டினார். அதை ஒரு முழுச் சித்தாந்தமாக விரித்து 1905-இல் வெளியிட்டவர் ரஷ்யரான மெரஷ்கோவ்ஸ்கி. 1918-இல் பிரான்சில் பால் போர்ட்டியரும், 1927-இல் அமெரிக்காவில் ஐவன் வாலினும், மைட்டோகாண்டிரியாவைக் குடியேறிய பாக்டீரியா என்றே நூல் எழுதினார்கள். வாலின் ஒரு படி மேலே சென்று, உயிரணுவுக்கு வெளியே அவற்றை வளர்த்துக் காட்டியதாகவும் அறிவித்தார். அவர் வளர்த்தது வெளியிலிருந்து கலந்த கிருமிகளையே என்று மற்றவர்கள் ஒதுக்கியதும், அவரோடு சேர்ந்து அந்தக் கருத்தும் ஒதுக்கப்பட்டது. அக்காலத்து உயிரணு இயலின் பேராசானாகிய எட்மண்டு வில்சன் 1925-இல் வெளிவந்த தம் பெருநூலில், இத்தகைய அநுமானங்களைக் கற்பனை மிகுந்தவை என்று விலக்கியபோதிலும், ஒருநாள் அவை மதித்து ஆராயப்படக் கூடும் என்று கதவைச் சற்றே திறந்து வைத்தது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகிறது.

இந்த முன்னோடிகள் தோற்றதற்குக் காரணம் அவர்கள் தவறாகச் சிந்தித்தது அன்று. ஒப்புமை ஒன்றையே சாட்சியாகக் கொண்டு வழக்காடியதுதான் காரணம். உருவத்தில் ஒத்திருப்பது பூர்வீகத்தில் ஒத்திருப்பதற்கு நிரூபணம் ஆகாது. வழக்குக்கு வேண்டியிருந்தது பத்திரம். அந்தப் பத்திரமாகிய டி.என்.ஏ.-யைப் படிக்கும் வித்தை அவர்கள் காலத்தில் பிறக்கவில்லை.

சாட்சியங்கள் வந்து சேர்ந்த வரிசை

1963-இல் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் என்னும் தம்பதியர், கோழிக் கருவின் மைட்டோகாண்டிரியாவுக்குள் டி.என்.ஏ. இழைகள் இருப்பதை எலக்ட்ரான் உருப்பெருக்கியின் துணையால் கண்டார்கள். உட்கருவில் மட்டுமே மரபுப் பொருள் இருக்கவேண்டும் என்ற கொள்கைக்கு இது நேர் விரோதம். நான்கு ஆண்டுகள் சென்றபின், 1967-இல், லின் மார்குலிஸ் என்ற இளம் விஞ்ஞானி, பழைய அநுமானங்களையும் புதிய கண்டுபிடிப்புகளையும் ஒன்றாகத் தொகுத்து, சிக்கலான உயிரணு என்பது பல எளிய உயிரணுக்கள் ஐக்கியமானதன் விளைவு என்று எழுதினார். பதினைந்து பத்திரிகைகள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1970-இல் அவர் அதை நூலாக விரித்தார்.

எதிர்வாதிகள் சும்மா இருக்கவில்லை. 1972-இல் ராஃப், மாலர் என்னும் இருவர், மைட்டோகாண்டிரியா வெளியிலிருந்து வந்தது அன்று, உயிரணு தன் சவ்வையும் மரபுப் பொருளில் ஒரு பகுதியையும் தானே பிரித்து வைத்துக்கொண்டதால் உண்டானதுதான் என்று வலுவாக வாதாடினார்கள். இந்த ஆட்சேபணையை நாம் இகழக்கூடாது. அதற்கு விடை சொல்லும் கடமை நேர்ந்ததனாலேயே சித்தாந்தம் சோதனைக்கு உள்ளாயிற்று. வெளியிலிருந்து வந்ததாயின் மைட்டோகாண்டிரியாவின் மரபணுக்கள் பாக்டீரியாவின் மரபணுக்களோடு உறவு காட்டவேண்டும். உள்ளிருந்தே பிறந்ததாயின் அதே உயிரணுவின் உட்கரு மரபணுக்களோடு உறவு காட்டவேண்டும். எல்லா உயிர்களிலும் புரதம் செய்யும் பட்டறையாக விளங்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.-யை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கார்ல் வூஸ் அமெரிக்காவில் வகுத்துத் தந்தார். கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் லிண்டா போனன், மைக்கேல் கிரே, ஃபோர்டு டூலிட்டில் முதலானோர் கோதுமையின் மைட்டோகாண்டிரியாவை எடுத்துக்கொண்டு 1977-இல் அந்த ஒப்பீட்டைச் செய்தபோது, அதன் ஆர்.என்.ஏ. கோதுமையின் உட்கருவைச் சாராமல் பாக்டீரியாவையே சார்ந்து நின்றது. 1985-இல் அந்த உறவு இன்னும் நெருக்கமாகக் குறிக்கப்பட்டது: மைட்டோகாண்டிரியாவின் சுற்றத்தார் ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்னும் கூட்டத்தினர்.

அந்தக் கூட்டத்தார் நமக்கு அந்நியர் அல்லர். நிலக்கடலையின் வேர்முடிச்சுகளில் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தரும் பாக்டீரியாக்கள் அவர்களைச் சேர்ந்தவை. நம் ஊர்களில் மழைக்காலத்தை ஒட்டிப் பரவும் ஸ்கிரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியும் அந்த வம்சமே. சென்னையின் சாக்கடைகளில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவின் உயிரணுக்களுக்குள் குடியிருந்து, தாயின் முட்டை வழியாகவே சந்ததிக்குச் செல்லும் வோல்பாக்கியாவும் அதுவே. புதுச்சேரியிலுள்ள நோய்ப்பரப்பிகள் ஆராய்ச்சி நிலையத்தார் டெங்குவைத் தடுக்கும் பொருட்டு ஏடிஸ் கொசுவினுள் புகுத்தி வளர்த்திருப்பது இந்த வோல்பாக்கியாவைத்தான். பிற உயிரணுவுக்குள் புகுந்து வாழும் பழக்கம் இந்தக் குலத்தில் மீண்டும் மீண்டும் தோன்றியிருக்கிறது. ஆயினும் மைட்டோகாண்டிரியா இன்றுள்ள எந்த ஆல்ஃபா இனத்திலிருந்தும் நேரே தோன்றவில்லை என்றும், அவை யாவும் பிரிவதற்கு முன்பே கிளைத்த ஒரு பங்காளி வழி என்றும் 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வாதிட்டது. அதன் சரியான இடம் இன்றும் விவாதத்திலேயே இருக்கிறது.

இனிச் சேத்துப்பட்டு மருந்தின் சாட்சியத்தைக் கேட்போம். ஸ்டிரெப்டோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு புரத உற்பத்தியைக் குலைக்கிறது. மனித மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோம், பாக்டீரியாவினுடையதன் வழிவந்ததேயெனினும், காலக்கிரமத்தில் சற்று மாறிவிட்டபடியால், பெரும்பாலோரிடம் மருந்தின் பிடிக்கு அகப்படுவதில்லை. ஆனால் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.-யின் 1555-ஆம் இடத்தில் ஓரெழுத்து மாறியிருப்பவர்களிடம், அந்த ரைபோசோம் தன் முன்னோரின் வடிவத்தை மீண்டும் நெருங்கிவிடுகிறது. மருந்து அதனைப் பாக்டீரியா என்றே கொண்டு தாக்குகிறது. 1993-இல் வெளிப்பட்ட இந்த உண்மையினும் கூர்மையான ஒரு சாட்சியம் இவ்வழக்கில் எங்கும் கிடையாது. மருந்துகளுக்கு வசப்படாத காசநோய்க்கு இன்று கொடுக்கப்படும் லினசோலிட் சிலருக்கு நரம்புத் தளர்ச்சியையும் இரத்தக் குறைவையும் உண்டாக்குவதற்கும், அது மைட்டோகாண்டிரியாவின் புரத உற்பத்தியைத் தடுப்பதே முக்கிய காரணம். பூர்வீகம் பற்றிய ஆராய்ச்சி ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்: மருந்தின் அளவை நிர்ணயிக்கும் மருத்துவர், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன் நடந்த ஒரு குடியேற்றத்தின் விளைவை நோயாளியின் படுக்கையருகே நின்று சமாளிக்கிறார்.

சென்னைக்கு உரிய பங்கு

இதே சித்தாந்தத்தின் மறு பாதியாகிய பசுங்கணிகத்தின் கதையில் நம் நகரத்துக்கு ஒரு சம்பந்தம் உண்டு. பசுங்கணிகம் நீலப்பச்சைப் பாசியின் வம்சம் என்று சொல்லவேண்டுமானால், அந்தப் பாசிகள் யாவை, எத்தனை வகையின, எவ்வாறு வாழ்வன என்று முதலில் தெரிந்திருக்கவேண்டும். மாநிலக் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்திலும் பணிபுரிந்த எம்.ஓ.பி. அய்யங்கார், 1932-இல் ஃப்ரிட்ஷியெல்லா என்னும் புதுப் பாசியை உலகுக்கு அறிவித்தார். 1933-இல் தென்னிந்தியாவின் கூட்டுவாழ் வால்வாக்ஸ் இனங்களைப் பற்றி விரிவாக எழுதினார். மழைநீர்த் தேக்கங்களையும் குட்டைகளையும் ஆராய்ச்சிக்குரிய க்ஷேத்திரங்களாக மதிக்கும் ஒரு பரம்பரை அவரால் இங்கே உண்டாயிற்று. அந்தப் பரம்பரையில் வந்த டி.வி. தேசிகாச்சாரி, நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெருநூல், உலகமெங்கும் அத்துறையினர் கையில் வைத்துப் புரட்டும் ஆதார நூலாக விளங்கியது. 1970 ஜனவரியில் நீலப்பச்சைப் பாசிகளின் வகைப்பாடும் உயிரியலும் குறித்த முதல் சர்வதேசக் கருத்தரங்கு சென்னையில் கூடியது. மார்குலிஸ் தம் நூலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான்.

சென்னைப் பாசி ஆராய்ச்சியாளர்கள் ஐக்கியச் சித்தாந்தத்துக்காக வழக்காடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் தொழில் வேறு: உள்ளதை உள்ளபடி விவரித்து, பெயரிட்டு, வரைந்து வைத்தல். ஆனால் மரபணுவைப் படிக்க வந்த பிற்காலத்தார், எதை எதனோடு ஒப்பிடுவது என்று அறிந்தது இத்தகைய விவரணங்கள் பல நாடுகளிலும் சேர்ந்து கிடந்தமையால்தான். வகைப்பாட்டு இயலைப் பழங்கணக்கு என்று தள்ளுவோர், பெருங்கேள்விகளுக்கு விடை சொல்லும் சாட்சிகளைத் தாமே தள்ளுகிறவர் ஆவர்.

குடியேறியவன் இழந்ததும் பெற்றதும்

மனித மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. முழுவதும் 1981-இல் கேம்பிரிட்ஜில் படிக்கப்பட்டது: 16,569 எழுத்துக்கள், 37 மரபணுக்கள், அவற்றுள் புரதத்துக்கு உரியவை 13 மட்டுமே. ஆனால் மைட்டோகாண்டிரியாவில் வேலை செய்யும் புரதங்களோ ஆயிரத்துக்கு மேற்பட்டவை. மீதியெல்லாம் உட்கருவின் மரபணுக்களால் வெளியே செய்யப்பட்டு, சவ்விலுள்ள தனி வாயில்களின் வழியே உள்ளே கொண்டுவரப்படுகின்றன. மயிலாப்பூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடிவந்தவர், தலைமுறைகள் செல்லச் செல்லத் தம் பத்திரங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்காரருடைய இரும்புப் பெட்டியில் ஒப்படைத்துவிட்டு, இனித் தனியே வெளியேறவும் முடியாமல், அவரை வெளியேற்ற வீட்டுக்காரராலும் முடியாமல், இருவரும் ஒரே குடும்பமாகிவிட்டதைப் போன்றது இந்த ஏற்பாடு. பத்திரங்கள் இன்னும் அதிகமாகக் குடியேறியவனிடமே தங்கிவிட்ட உதாரணமும் உண்டு: ரெக்லினோமோனஸ் என்னும் நன்னீர் ஒற்றையணு உயிரின் மைட்டோகாண்டிரியாவில் 97 மரபணுக்கள் இருப்பது 1997-இல் தெரியவந்தது, அவற்றின் அமைப்பு பாக்டீரியாவினுடையதைப் பெரிதும் ஒத்திருந்தது.

எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகு இந்தச் சில மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டது ஏன்? நீரை வெறுக்கும் இயல்புடைய அந்தப் புரதங்களை வெளியே செய்து சவ்வுகளைக் கடத்திக் கொண்டுவருதல் அரிது என்பது ஒரு கருத்து. சுவாசத்தின் வேகத்தை அந்தந்த இடத்திலேயே கண்காணித்துத் திருத்துவதற்கு அவை அருகில் இருக்கவேண்டும் என்பது 1993-இல் ஜான் ஆலன் கூறிய மற்றொரு கருத்து. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

வீட்டுக்காரர் யார்?

குடிவந்தவர் யார் என்ற வினா தீர்ந்தது. இடம் கொடுத்தவர் யார் என்ற வினாவே இன்றைய ஆராய்ச்சியின் நடுநாயகம். 1980-களில் தாமஸ் கேவலியர்-ஸ்மித், உட்கருவும் சட்டகமும் பெற்று மைட்டோகாண்டிரியாவை மட்டும் பெறாத ஆதி உயிரணுக்கள் இருந்தன என்றும், ஜியார்டியா முதலிய குடல் ஒட்டுண்ணிகள் அவற்றின் நேர் வாரிசுகள் என்றும் கூறினார். அழகிய கருத்து, ஆனால் நிலைக்கவில்லை. சீதபேதி அமீபாவில் 1999-இலும், ஜியார்டியாவில் 2003-இலும் மைட்டோகாண்டிரியாவின் தேய்ந்த எச்சங்கள் அகப்பட்டன. மைட்டோகாண்டிரியா அறவே இல்லாத மோனோசெர்கோமோனாய்டிஸ் என்னும் உயிர் 2016-இல் அறியப்பட்டபோதும், அதன் சுற்றத்தாரைக் கொண்டு, அது முன்பு இருந்ததை இழந்ததே என்று தெளிவாயிற்று. இன்று வாழும் சிக்கலான உயிரணுக்கள் யாவற்றின் பொது முன்னோரிடமும் மைட்டோகாண்டிரியா இருந்தது என்பது இப்போது உறுதி.

1977-இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பாக்டீரியாவினின்றும் வேறான ஆர்க்கியா என்னும் எளிய குலத்தைக் கண்டறிந்தார்கள். 1998-இல் வில்லியம் மார்ட்டினும் மிக்லோஸ் முல்லரும், ஹைட்ரஜனை ஆகாரமாகக் கொள்ளும் ஓர் ஆர்க்கியா, ஹைட்ரஜனைக் கழிவாக விடும் ஒரு பாக்டீரியாவை நெருங்கித் தழுவிக்கொண்டதே ஐக்கியத்தின் தொடக்கம் என்று முன்மொழிந்தார்கள். பிராணவாயு புகாத சேற்றில் இத்தகைய கொடுக்கல் வாங்கல் இன்றும் இடையறாது நடக்கிறது. அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் கரிய சேற்றிலும், சாண எரிவாயுக் கலத்திலும், ஒருவர் கழிக்கும் ஹைட்ரஜனை மற்றொருவர் உண்டு மீத்தேனாக்கும் நுண்ணுயிர்க் கூட்டாளிகள் வாழ்கின்றனர்.

அதன் பின் வந்த கண்டுபிடிப்புகள் ஆர்க்கியாவின் பக்கமே சாய்ந்தன. வட அட்லாண்டிக் கடலடிச் சேற்றிலிருந்து 2015-இல் லோக்கி ஆர்க்கியாவின் மரபணுக்களை உப்சாலாவின் ஆராய்ச்சியாளர்கள் படித்தபோது, நம் உயிரணுக்களின் சட்டகத்துக்கும் சவ்வுப் போக்குவரத்துக்கும் உரிய புரதங்களின் முன்வடிவங்கள் அதில் காணப்பட்டன. ஜப்பானை அடுத்த கடலில் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து 2006-இல் எடுத்த சேற்றைப் பன்னிரண்டு ஆண்டுகள் பேணி வளர்த்து, இமாச்சியும் கூட்டத்தாரும் இத்தகைய உயிரொன்றை 2020-இல் உலகுக்குக் காட்டினார்கள். அது தனித்து வாழாது, ஹைட்ரஜன் உண்ணும் கூட்டாளியோடே வாழ்ந்தது. அதன் உடலிலிருந்து நீண்ட கிளைக்கரங்கள் நீண்டிருந்தன. 2022-இல் ஸ்லோவேனியாவின் கடற்கரைச் சேற்றிலிருந்து வளர்த்த மற்றொன்றில் ஆக்டின் சட்டகம் பிரத்தியட்சமாகவே காணப்பட்டது. ஆஸ்கார்டு என்று பெயர்பெற்ற இந்த ஆர்க்கியாக் கூட்டத்தின் கிளையொன்றிலிருந்தே நம் குலம் பிரிந்தது என்று 2023-இன் ஆய்வு கூறுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஆர்க்கியாவின் சவ்வு ஒருவகைக் கொழுப்பால் ஆனது. பாக்டீரியாவின் சவ்வு வேறுவகைக் கொழுப்பால் ஆனது. நம் உயிரணுக்களின் சவ்வோ பாக்டீரியாவினுடையதைப் போன்றது. இடம் கொடுத்தவர் ஆர்க்கியாவாயின், வீட்டின் சுவர் முழுவதும் குடிவந்தவருடைய பொருளால் எப்போது, எவ்வாறு மாற்றப்பட்டது? இதற்குத் திருப்தியான விடை இன்னும் இல்லை.

எப்போது? ஏன் ஒருமுறை?

வளிமண்டலத்தில் பிராணவாயு குறிப்பிடத்தக்க அளவில் பெருகத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன். சிக்கலான உயிரணுக்களின் தொல்லெச்சங்கள் 160 கோடி ஆண்டுகளை ஒட்டித் தென்படுகின்றன. அவற்றுள் ஒரு முக்கியமான சாட்சி இந்திய மண்ணில் கிடைத்தது. விந்திய மலைத்தொடரின் சித்திரகூடத்துப் பாறைகளிலிருந்து 2017-இல் ஸ்டெஃபான் பெங்ட்சன் குழுவினர் விவரித்த, 160 கோடி ஆண்டு வயதுடைய இழைவடிவ உயிரைச் சிவப்புப் பாசி என்றே அவர்கள் கருதுகிறார்கள். அது ஒப்புக்கொள்ளப்படுமாயின் அதன் விளைவு பெரிது: சிவப்புப் பாசிக்குப் பசுங்கணிகம் உண்டு, பசுங்கணிகம் வந்தது மைட்டோகாண்டிரியா வந்த பின்னரே, ஆகவே நாம் பேசும் ஐக்கியம் அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே நிகழ்ந்திருக்கவேண்டும். அந்த உயிருக்கு ராஃபட்டாஸ்மியா என்று பெயரிட்டது, விந்தியப் பாறைகளில் தொல்லெச்சங்கள் உண்டென்று அறிவித்து, அதற்காகக் கடும் பழிக்கு உள்ளான இந்திய ஆராய்ச்சியாளர் ராஃபட் ஜமால் ஆஸ்மியைக் கௌரவிப்பதற்காக. அவர் கணித்த காலம் பிழையாயிருந்தது. அவர் கண்ட தொல்லெச்சங்கள் மெய்யாயிருந்தன.

ஓருயிர் மற்றோருயிருக்குள் குடிபுகுவது அரிய நிகழ்ச்சி அன்று. பாலினெல்லா என்னும் அமீபா, சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் தனியாகவே ஒரு நீலப்பச்சைப் பாசியை ஏற்றுக்கொண்டு, ஒளியால் உணவு செய்யக் கற்றது. கடலில் வாழும் ஒரு பாசிக்குள் நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியா ஓர் உள்ளுறுப்பாகவே மாறிவிட்டதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. நம் நெல்வயல்களில் உரமாகவும் மாட்டுத் தீவனமாகவும் வளர்க்கப்படும் அசோலாவின் இலைக்குழிகளில் வாழும் பாசி, இன்னும் உயிரணுவுக்குள் புகாவிடினும், தலைமுறைதோறும் செடியோடே சென்று, தன் மரபணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயனற்றுப்போகும் அளவுக்குச் சுதந்திரத்தை இழந்து நிற்கிறது. மாவுப்பூச்சி இனமொன்றின் உடலில், ஒரு பாக்டீரியாவுக்குள் மற்றொரு பாக்டீரியா குடியிருப்பதும் 2001-இல் தெரியவந்தது.

அப்படியானால் சிக்கலான உயிரணுவைத் தந்த ஐக்கியம் மட்டும் ஒரே ஒருமுறை வென்றது ஏன்? 2010-இல் நிக் லேனும் வில்லியம் மார்ட்டினும், மைட்டோகாண்டிரியா தந்த அபரிமிதமான சக்தியே ஆயிரக்கணக்கான புதிய மரபணுக்களைத் தாங்கும் வசதியை உண்டாக்கியது, ஆதலால் மைட்டோகாண்டிரியாவே முதற்படி என்று வாதிட்டார்கள். மைக்கேல் லிஞ்சும் ஜார்ஜி மரினோவும் 2017-இல் கணக்கிட்டுப் பார்த்து, உயிரணுவின் பருமனுக்கு ஏற்ப நோக்கினால் அத்தகைய பெருந்தாண்டல் ஏதும் தென்படவில்லை என்று மறுத்தார்கள். என் அபிப்பிராயத்தில், சக்தி வாதம் காரணத்தின் ஒரு பகுதியை உரைப்பது. முழுக் காரணமாக அதைப் பாடநூல்களில் ஏற்றுவதற்குக் காலம் வரவில்லை. சட்டகமும் சவ்வுகளை வளைக்கும் திறனும் ஓரளவேனும் ஆர்க்கியாவிடம் முன்பே இருந்தன என்பது தெளிவாகிவரும் இந்நாளில், ஐக்கியத்துக்கு முன்னும் பின்னும் நெடிய தயாரிப்பும் நெடிய திருத்தமும் நடந்தன என்று கொள்வதே தகும்.

முடிவுரை

ஆகத் தொகுத்துக் கூறின்: மைட்டோகாண்டிரியா பாக்டீரியாவின் சந்ததி என்பது தீர்ந்த வழக்கு, அதன் பெரும்பாலான மரபணுக்கள் தொலைந்தோ உட்கருவுக்குப் பெயர்ந்தோ போயின என்பதும் தீர்ந்தது, இடம் கொடுத்தவர் ஆர்க்கியாவின் வழியினர் என்பது ஏறத்தாழத் தீர்ந்தது. சவ்வு மாறிய விதமும், நிகழ்ந்த காலமும், உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் வந்த முறையும், ஒருமுறை மட்டுமே வென்ற காரணமும் தீராதவை. இதிலிருந்து இளைஞர்கள் கற்கவேண்டியது, பரிணாமத்தில் போட்டி ஒன்றே ஆக்கும் சக்தி அன்று என்பதோடு நிற்பதில்லை; ஒற்றுமை என்பதும் இழப்பில்லாமல் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கற்கவேண்டும். குடிவந்தது தன் சுதந்திரத்தை இழந்தது. இடம் தந்தது தன் தனிமையை இழந்தது. இரண்டு இழப்புகளிலிருந்தும் காணக்கூடிய உயிருலகம் முழுவதும் பிறந்தது.

தீராத பகுதிக்கும் விடை சேற்றிலும் குட்டையிலும்தான் கிடைக்கப்போகிறது. ஸ்லோவேனியாவின் ஒரு கடற்கரைச் சேறு அவ்வளவு பெரிய சாட்சியைத் தந்ததென்றால், அடையாற்றின் முகத்துவாரத்தையும், பழவேற்காட்டையும், பிச்சாவரத்தையும், முத்துப்பேட்டையையும் நாம் வெறும் கழிவுநிலமாகவும் மனைக்கட்டாகவும் நோக்குவதற்கு நியாயம் இல்லை. அய்யங்காரும் தேசிகாச்சாரியும் வளர்த்த பரம்பரைக்கு வாரிசுகளாகிய நம் கல்லூரிகள், வகைப்பாட்டு இயலுக்கு மீண்டும் ஆசனம் கொடுத்து, மரபணு வாசிப்பையும் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் பொறுமையையும் மாணவர்களுக்கு ஒருங்கே பயிற்றுவித்தால், இவ்வழக்கின் அடுத்த சாட்சியம் தமிழ்நாட்டிலிருந்தே எழுதப்படலாம்.